கள்ளம் அறிந்த கள்ளமின்மை
செஸ்டர்டனின் பிரவுன் அடிகளார் கதைகள்: ஒரு நூலாய்வு

கொலையும் களவும் நிறைந்த கதைகளைப் பெண் பிள்ளைகள் படிக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய கவலை நியாயமானதே. தீமையைப் பற்றி ஒன்றும் அறியாதிருப்பதே மாசற்ற உள்ளத்திற்குக் காவல் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் சரிதானா என்று ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற நூல் ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு துப்பறியும் கதைத் தொகுதியே. ஆனால் அதில் துப்பறிபவர் காவல்துறை அதிகாரி அல்லர். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர். மேல்வகுப்பு மாணவியர் துணைப்பாடம் போல் எடுத்துப் படிக்கத்தக்க இந்நூலைப் பற்றிச் சில கருத்துகளை இங்கே காண்போம்.

நூலும் ஆசிரியரும்

நூலின் பெயர் 'தி இன்னொசென்ஸ் ஆஃப் பாதர் பிரவுன்'. 1911-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பன்னிரண்டு சிறுகதைகளைக் கொண்டது. ஆசிரியர் கில்பர்ட் கீத் செஸ்டர்டன் 1874-இல் லண்டனில் பிறந்து, 1936-இல் மறைந்தவர். கவிஞர், கட்டுரையாளர், பத்திரிகையாளர் எனப் பல துறைகளில் புகழ் பெற்றவர். அடிகளாரை வைத்து அவர் எழுதிய கதைகள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. அவை 1911 முதல் 1935 வரை ஐந்து தொகுதிகளாக வந்தன. அவற்றுள் முதலாவது இது.

1930-ஆம் ஆண்டில் பிரிட்டனின் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் லண்டனில் ஒரு சங்கம் அமைத்தபோது அதன் முதல் தலைவராகச் செஸ்டர்டனையே தேர்ந்தனர். அச்சங்கத்தில் இருந்த பெண் எழுத்தாளர்களான டோரதி சேயர்ஸும் அகதா கிறிஸ்டியும் பிற்காலத்தில் அதன் தலைமைப் பொறுப்பை வகித்தனர்.

ஒரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். இக்கதைகளை எழுதியபோது செஸ்டர்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922-இல்தான் அவர் திருச்சபையில் சேர்ந்தார். அப்படியானால் ஒரு கத்தோலிக்கக் குருவைக் கதைத் தலைவராக ஆக்கும் எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

யார்க்‌ஷயரில் ஒரு நாள்

இதற்கு விடையைச் செஸ்டர்டன் தம் தன்வரலாற்றில் தருகிறார். யார்க்‌ஷயர் பகுதியில் ஜான் ஓ'கானர் என்ற குருவானவர் அவருக்கு நண்பரானார். ஒரு நாள் இருவரும் பேசிக்கொண்டே நடந்தனர். சமுதாயத்தில் காணப்படும் சில தீமைகளைப் பற்றித் தாம் எழுதக் கருதியிருந்ததைச் செஸ்டர்டன் கூறினார். குருவானவரோ, அவ்விஷயத்தில் அவர் அறியாத பல உண்மைகளை அமைதியாக எடுத்துரைத்தார். மனிதர் இவ்வளவு கொடுமையும் செய்வார்களா என்று செஸ்டர்டன் திகைத்துப் போனார்.

பின்னர் இருவரும் ஒரு நண்பர் வீட்டிற்குச் சென்றனர். அங்கே கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் இருந்தனர். குருவானவர் அவர்களுடன் இசை, கட்டடக் கலை முதலியவற்றைப் பற்றி உரையாடினார். அவர் அறையை விட்டுச் சென்றதும் மாணவருள் ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னார். நாலு சுவருக்குள் அடைந்து வாழும் இவர்களுக்கு உலகத்தின் உண்மையான தீமை எங்கே தெரியப் போகிறது என்பதே அதன் சாரம். சற்று முன் நடந்ததை அறிந்த செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்குவது கடினமாயிற்று. குருவானவர் அறிந்ததோடு ஒப்பிட்டால் அந்த மாணவர் இருவருமே தொட்டில் குழந்தைகள் என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் கணத்தில் பிறந்தவரே பிரவுன் அடிகளார். ஓ'கானர் தோற்றத்தில் நேர்த்தியானவர். கதைக்காகச் செஸ்டர்டன் அவரைக் குள்ளமாக, உருண்டை முகத்தோடு, அடிக்கடி கீழே விழும் ஒரு பெரிய குடையோடு படைத்தார். பார்ப்பவர் எவரும் ஒன்றும் தெரியாதவர் என்று ஒதுக்கிவிடக் கூடிய உருவம் அது. 1922-இல் செஸ்டர்டனைத் திருச்சபையில் ஏற்றுக்கொண்ட குருக்களுள் இதே ஓ'கானரும் ஒருவர். 1927-இல் வந்த தொகுதியைச் செஸ்டர்டன் அவருக்கே காணிக்கையாக்கினார்.

நீலச் சிலுவை

முதல் கதை 'நீலச் சிலுவை'. லண்டனில் நற்கருணை மாநாடு நடைபெறுகிறது. (1908-ஆம் ஆண்டில் அனைத்துலக நற்கருணை மாநாடு உண்மையாகவே லண்டனில் நடைபெற்றது.) மாநாட்டுக்கு வரும் குருக்களின் கூட்டத்தில் பிளாம்போ என்னும் பேர்பெற்ற திருடன் கலந்திருப்பான் என்று ஐயுற்று, பாரிஸ் நகரக் காவல்துறைத் தலைவர் வாலெந்தின் பின்தொடர்ந்து வருகிறார். ரயிலில் ஓர் அப்பாவிக் குருவைக் காண்கிறார். அவர் தம் காகிதப் பொட்டலத்தில் நீலக்கற்கள் பதித்த வெள்ளிப் பொருள் இருப்பதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாலெந்தினுக்கு அவர் மேல் இரக்கமே உண்டாகிறது.

லண்டனில் விசித்திரமான காரியங்கள் நடக்கின்றன. ஓர் உணவு விடுதியில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது. அங்கே ஒரு குருவானவர் சுவரில் சூப்பை வீசியிருக்கிறார். ஒரு பழக்கடையில் ஆரஞ்சுக்கும் கொட்டைகளுக்கும் வைத்திருந்த விலை அட்டைகள் மாறிக் கிடக்கின்றன. இன்னொரு விடுதியில் அந்தக் குரு கணக்குக்கு மேல் பணம் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார். இந்தத் தடயங்களைப் பற்றிச் சென்ற வாலெந்தின், ஹாம்ஸ்டெட் என்னும் திறந்தவெளியில் இரு குருக்கள் விண்மீன்களைப் பார்த்தபடி இறையியல் பேசிக்கொண்டிருப்பதைக் காண்கிறார். உயரமானவரே குரு வேடத்தில் வந்த பிளாம்போ.

சிலுவையைக் கொடு என்று அவன் மிரட்டும்போதுதான் நமக்கு உண்மை தெரிகிறது. பொட்டலம் மாற்றப்படும் என்பதை முன்பே கண்டுகொண்ட அடிகளார், தாமும் ஒரு முறை மாற்றி, சிலுவையைப் பத்திரமாகத் தபாலில் அனுப்பிவிட்டார். உப்பும் சூப்பும் உடைந்த கண்ணாடியும் எல்லாம் காவலர்கள் பின்தொடர்ந்து வருவதற்காக அவர் விட்டுச் சென்ற அடையாளங்களே. காப்பியில் உப்பு இருந்தும் ஒருவன் வாய் திறவாமல் குடிக்கிறான் என்றால், பிறர் கவனத்தைத் தன்மேல் திருப்ப அவன் அஞ்சுகிறான் என்று பொருள். இவ்வாறு அவனைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்!

இத்தனை தந்திரங்கள் உமக்கு எப்படித் தெரியும் என்று திருடன் வியந்து கேட்கிறான். மனிதரின் பாவங்களை நாள்தோறும் காதால் கேட்பவனுக்கு மனிதத் தீமை தெரியாமல் இருக்குமா என்பது அடிகளாரின் பதில். ஆம், பாவசங்கீர்த்தனத் தொட்டியே அவருடைய பள்ளிக்கூடம். இன்னொரு குறிப்பும் கவனிக்கத்தக்கது. அவன் உண்மையான குரு அல்லன் என்று அடிகளாரை உறுதி கொள்ளச் செய்தது, பேச்சினிடையே அவன் பகுத்தறிவை இகழ்ந்ததுதான். நல்ல இறையியல் அறிவைப் பழிக்காது என்பது அவர் கொள்கை. விசுவாசம் என்றால் சிந்திக்காமல் இருப்பது என்று எண்ணுபவர்கள் இக்கதையை இருமுறை படிக்க வேண்டும்.

கண்ணில் படாதவர்கள்

'விசித்திரக் காலடிகள்' என்ற கதையில், செல்வர்கள் மட்டும் கூடும் ஒரு விடுதியில் பன்னிரண்டு சீமான்கள் ஆண்டு விருந்து நடத்துகின்றனர். உயிருக்குப் போராடும் ஒரு பணியாளருக்காக அழைக்கப்பட்ட அடிகளார், ஒரு சிறு அறையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியே காலடி ஓசை கேட்கிறது. முதலில் விரைவான மெல்லடிகள். பிறகு நிதானமான கனத்த அடிகள். ஆனால் கால்கள் ஒருவருடையவையே. ஒரே மனிதன் ஏன் இருவிதமாக நடக்க வேண்டும்? சீமான்களும் பணியாளர்களும் ஒரே மாதிரிக் கறுப்பு உடை அணிவதை அடிகளார் நினைத்துப் பார்க்கிறார். திருடன் சீமான்களிடையே பணியாளனைப் போலவும், பணியாளர்களிடையே சீமானைப் போலவும் நடந்து, முத்துப் பதித்த வெள்ளி முள்கரண்டிகளையும் கத்திகளையும் எடுத்துவிட்டான். தமக்கு உணவு பரிமாறியவனின் முகத்தைச் சீமான்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அதுவே அவனுக்கு வாய்ப்பாயிற்று.

இக்கதையில் வெள்ளியை மீட்டதைக் காட்டிலும், திருடனின் மனத்தை மீட்டதையே அடிகளார் பெரிதாகக் கருதுகிறார். எவ்வளவு தொலைவு சென்றவனையும் மெல்ல இழுத்துக் கொண்டுவரும் தூண்டில் நூல் ஒன்றைப் பற்றி அவர் பேசுகிறார். ஈவ்லின் வா என்ற ஆங்கில நாவலாசிரியர் 1945-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நாவலில் ஒரு பாகத்திற்கு இந்த உவமையிலிருந்தே பெயர் சூட்டினார்.

'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஒரு மாடிக் கட்டடத்தில் வாழும் ஸ்மைத் என்பவருக்குக் கொலை மிரட்டல் வருகிறது. வாயிற்காவலர், போலீஸ்காரர், வறுத்த கொட்டை விற்பவர், ஒரு வேலையாள் ஆகிய நால்வர் வாசலைக் கண்காணிக்கின்றனர். யாரும் உள்ளே போகவில்லை என்று நால்வரும் உறுதியாகச் சொல்கின்றனர். ஆனால் பனியில் காலடிகள் தெரிகின்றன, ஸ்மைத்தையும் காணவில்லை. உள்ளே போனவர் யார்? தபால்காரர். நால்வரும் அவரைக் கண்ணால் கண்டனர். ஆனால் ஓர் ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் வேலைக்காரரை விட்டுவிட்டே எண்ணுவது போன்றது இது என அடிகளார் விளக்குகிறார்.

மாணவியரே, இது வெறும் புதிர் அல்ல. நம் வகுப்பறையைக் கூட்டுபவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாயிலில் நிற்பவர், சமையற்கட்டில் புகையில் நிற்பவர், பேருந்தில் சீட்டுக் கொடுப்பவர் ஆகியோரின் முகத்தை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறோமா? மனிதரைக் காணாமல் அவர் செய்யும் வேலையை மட்டும் காணும் கண் பார்வை இழந்த கண்தான். கதையில் வரும் குற்றவாளி அந்தக் குருட்டுத்தன்மையைப் பயன்படுத்திக்கொண்டான்; அதை உண்டாக்கியது அவனல்ல.

இக்கதையின் முடிவும் மறக்க முடியாதது. குற்றவாளியோடு அடிகளார் பனி மூடிய மேட்டு நிலத்தில் நெடுநேரம் நடக்கிறார். இருவரும் என்ன பேசினர் என்பதை ஆசிரியர் நமக்குச் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது அல்லவா?

திருடன் திருந்தியது

பிளாம்போவைப் பற்றி மேலும் அறிய 'பறக்கும் விண்மீன்கள்' கதையைப் படிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஒரு வீட்டில் வேடிக்கை நாடகம் நடக்கிறது. தன்னைப் பிடிக்க வந்த உண்மையான போலீஸ்காரரையே நாடகப் பாத்திரம் போல மேடையில் அடித்து மயக்கி, பார்ப்பவர்கள் கைகொட்டிச் சிரிக்கும் வேளையில் பிளாம்போ மூன்று வைரங்களைக் கவர்ந்துகொள்கிறான். பழி ஓர் ஏழை இளைஞன் மேல் விழுகிறது.

தோட்டத்தில் மரத்தின் மேல் ஒளிந்திருக்கும் பிளாம்போவோடு அடிகளார் கீழே நின்று பேசுகிறார். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடவில்லை. நன்மையில் ஒரே நிலையில் நின்று வாழ்ந்துவிடலாம். தீமையிலோ எவராலும் ஒரு படியில் நின்றுகொள்ள இயலாது, இறங்கிக்கொண்டே போக வேண்டும் என்ற கருத்தை எடுத்துச் சொல்கிறார். விளையாட்டுப் போலத் திருடத் தொடங்கியவர்கள் பின்னாளில் எவ்வளவு இழிந்து போயினர் என்று காட்டுகிறார். நீ இன்று ஒரு நிரபராதியைப் பழிக்கு ஆளாக்கிவிட்டாய், உன் இறக்கம் தொடங்கிவிட்டது என்று உணர்த்துகிறார். சற்று நேரத்தில் மூன்று வைரங்களும் மரத்திலிருந்து புல்தரையில் விழுகின்றன.

அதுவே பிளாம்போவின் கடைசித் திருட்டு. அடுத்த கதையில் அவன் துப்பறிவாளராக, அடிகளாரின் நண்பராக வருகிறான். சிறைக்கு அனுப்ப வேண்டியவனைச் சிநேகிதனாக்கிக்கொண்ட துப்பறிவாளர் இவரைப் போல் அரிது.

உயரத்தின் ஆபத்து

'கடவுளின் சம்மட்டி' என்ற கதை நம்மைப் போன்ற பக்தியுள்ளவர்களுக்கு மிகவும் தேவையானது. ஒரு சிற்றூரில் ஒழுக்கம் கெட்ட அண்ணனும், ஆலயத்தில் ஊழியம் செய்யும் பக்தியுள்ள தம்பியும் வாழ்கின்றனர். தம்பி ஆங்கிலிக்கன் சபையின் குரு. ஒரு நாள் அண்ணன் மண்டை நொறுங்கி இறந்து கிடக்கிறான். அருகில் கிடப்பதோ மிகச் சிறிய சுத்தியல். இவ்வளவு பலமாக அடித்த கை யாருடையது என்று ஊரே குழம்புகிறது. அடிகளார் தம்பியை அழைத்துக்கொண்டு ஆலயக் கோபுரத்தின் மேல் ஏறுகிறார். உயரத்திலிருந்து விழுந்ததால்தான் சிறு சுத்தியலுக்கு அவ்வளவு வேகம் வந்தது என்பது அங்கே புலனாகிறது.

ஆனால் உண்மையான கண்டுபிடிப்பு அது அல்ல. தம்பி எப்போதும் உயரமான இடங்களில் தனித்து நின்று செபிக்கும் வழக்கமுள்ளவர். மேலிருந்து பார்க்கப் பார்க்க, கீழே நடப்பவர்கள் பூச்சிகளைப் போலத் தெரிந்தனர். தாமே கடவுளின் இடத்தில் நின்று தண்டிக்கலாம் என்ற எண்ணம் மெல்ல முளைத்தது. தாழ இருந்து மேலே பார்த்தவரை அவர் நல்லவராகவே இருந்தார்.

என் உள்ளத்தை நீர் எப்படி அறிந்தீர், நீர் பேயா என்று அவர் அலறுகிறார். நான் மனிதன், ஆகவே எல்லாப் பேய்களும் என் நெஞ்சிலும் உண்டு என்னும் பொருள்பட அடிகளார் மறுமொழி கூறுகிறார். அவரைக் காவலரிடம் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. இரகசியத்தைக் காப்பதாகச் சொல்லி, முடிவை அவருடைய மனச்சாட்சியிடமே விட்டுவிடுகிறார். அந்த மனிதர் கீழே இறங்கி, தாமே அதிகாரியிடம் சென்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

இரு துப்பறிவாளர்

துப்பறியும் கதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ஷெர்லக் ஹோம்ஸ். ஆர்தர் கானன் டாயில் எழுதிய அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி 1892-இல் வந்தது. அதிலும் பன்னிரண்டு கதைகளே. ஹோம்ஸ் பூதக்கண்ணாடியால் காலடித் தடத்தையும் சுருட்டுச் சாம்பலையும் ஆராய்கிறார். மனிதனை வெளியே நின்று பார்ப்பது அவர் முறை. பிரவுன் அடிகளாரோ உள்ளே சென்று பார்க்கிறார். 1927-இல் வந்த தொகுதியில் அவரே தம் இரகசியத்தைச் சொல்கிறார். ஒவ்வொரு குற்றத்தையும் தாமே செய்தது போல் மனத்துக்குள் எண்ணி, எந்த நிலையில் ஒருவன் அதைச் செய்யத் துணிவான் என்று தம்மைத் தாமே சோதிப்பாராம். குற்றவாளியைத் தமக்கு அந்நியமான ஒரு மிருகமாக அவர் எண்ணுவதே இல்லை.

குறைகளும் உண்டு

நூலைப் போற்றுவதோடு அதன் குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில கதைகளில் நிகழ்ச்சிகள் நம்பத்தக்கவையாக இல்லை. நால்வர் கண்ணெதிரே ஒரு தபால்காரர் அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்து முடிக்க இயலுமா என்று ஐயுறுவது தவறல்ல. அதைவிட முக்கியமானது வேறொன்று. 'தவறான வடிவம்' என்ற கதையில் ஓர் இந்தியர் வருகிறார். அவரையும் கீழ்நாட்டுக் கலைப் பொருள்களையும் ஆசிரியர் அச்சத்துக்குரியவைபோல் வருணிக்கிறார். கொலையாளி அந்த இந்தியர் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும் அந்த வருணனை நமக்குக் கசக்கிறது. வேலைக்காரரைக் காணத் தவறிய சீமான்களைக் கண்டித்த ஆசிரியரும் பிற நாட்டாரைச் சரியாகக் காணத் தவறினார். நல்லவர் எழுதியது என்பதற்காக எல்லாவற்றையும் விழுங்கிவிடக் கூடாது. அறிவைப் பழிக்காதே என்பது அடிகளாரின் பாடம் அல்லவா? அதைக் கொண்டே அவரைப் படைத்தவரையும் அளப்போம்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். 'இன்னொசென்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் குற்றமின்மை என்றும் பொருள், வெகுளித்தனம் என்றும் பொருள். இந்த இரண்டையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். தமிழில் 'கள்ளமில்லாதவர்' என்கிறோம். கள்ளம் தெரியாதவர் என்றா சொல்கிறோம்? அடிகளாருக்குக் கள்ளம் தெரியும். அவரிடம் கள்ளம் இல்லை. நம் ஆண்டவரும் தம் சீடரிடம் புறாவின் கபடின்மையை மட்டும் கேட்கவில்லை. பாம்பின் விவேகத்தையும் சேர்த்தே கேட்டார்.

பெற்றோரே, நாளை உங்கள் மகள் விடுதிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் புகுந்த வீட்டுக்கும் செல்வாள். இனிக்கப் பேசி ஏமாற்றுபவர் வழியில் எதிர்ப்படுவர். அப்போது அறியாமை அவளைக் காக்காது. தீமையைத் தீமை என்று கண்டுகொள்ளும் தெளிவும், அதற்கு இணங்காத உறுதியும், தவறியவர் மேலும் இரங்கும் நெஞ்சமுமே காக்கும். அந்த மூன்றையும் இந்நூல் ஒருசேரக் கற்பிக்கிறது.

1954-இல் இக்கதைகளைத் தழுவி ஒரு திரைப்படம் எடுத்தனர். அடிகளாராக நடித்தவர் அலெக் கின்னஸ். பிரான்சில் படப்பிடிப்பு நடந்த ஒரு மாலையில், அவர் குருவின் உடையோடு தங்குமிடத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு சிறுவன் ஓடி வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டு பேசியபடியே நடந்தான். உண்மைக் குரு என்று நம்பி வந்த அந்தக் குழந்தையின் கை தம்மைச் சிந்திக்க வைத்ததாக அவர் பின்னாளில் எழுதினார். 1956-இல் அவரும் திருச்சபையில் சேர்ந்தார். உலகத் தீமைகள் அனைத்தையும் அறிந்தும் ஒரு குழந்தை அச்சமின்றிக் கைபற்றக் கூடியவராக இருப்பதே அடிகளாரின் கள்ளமின்மை.

அன்பு மாணவியரே, பன்னிரண்டு கதைகளில் ஏழின் முடிச்சுகளை நான் அவிழ்க்காமல் விட்டிருக்கிறேன். அவை உங்களுக்கு. படிக்கும்போது குற்றவாளி யார் என்று தேடுங்கள். இரவில் செபத்தின்போது ஆத்தும சோதனை செய்கையில், அதே கூர்மையோடு உங்கள் உள்ளத்தையும் தேடிப் பாருங்கள். துப்பறியத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பிளாம்போவைக் காவலரிடம் ஒப்படைக்காமல் அடிகளார் அவனோடு பேசியது சரியா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. இன்று காலை முதல் உங்களுக்கு உதவியவர்களுள், நீங்கள் முகம் பார்க்காமல் கடந்து சென்றவர் யார்?
3. 'கடவுளின் சம்மட்டி' கதையில் கோபுரம் எதைக் குறிக்கிறது? நம் வாழ்வில் அத்தகைய கோபுரங்கள் எவை?
4. அறியாமைக்கும் கள்ளமின்மைக்கும் உள்ள வேறுபாட்டை, உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து விளக்குக.